காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்ட ஒரு நெடும் பைக் பயணம்: முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

போரில் காலை இழந்தவருக்குச் செயற்கைக் கால் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. வெட்டிய இடத்துக்கு மேலே மிச்சமிருக்கும் சதை வற்றும், வீங்கும், வடிவம் மாறும். அது பொருந்தி உட்காரும் சாக்கெட்டை அடிக்கடி திருத்த வேண்டிவரும். செயற்கைக் காலையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக மாற்ற வேண்டும். 25 வயதில் காலை இழந்த ஒருவருக்கு இது ஆயுள் முழுக்கத் தொடரும் செலவு. தண்டுவடத்தில் அடிபட்டவருக்குச் சக்கர நாற்காலி, படுக்கைப்புண் வராத மெத்தை, வீட்டு வாசலில் சாய்தளம் என்று தேவைகள் நீளும். போர் முடிந்து செய்திகள் ஓய்ந்த பிறகும் இந்தத் தேவைகள் ஓய்வதில்லை. அதற்காகத்தான் பைக்கை எடுக்கிறோம். எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பணம் எங்கே போக வேண்டும்?

முதல் முறை கிளம்புகிற எல்லோரும் வரைபடத்தைத்தான் முதலில் விரிக்கிறார்கள். அதை மடித்து வையுங்கள். யாருக்காக ஓட்டுகிறீர்கள் என்று முடிவான பிறகு பாதையைப் பார்க்கலாம்.

முறையாகப் பதிவான, ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை வெளியிடும் தொண்டு நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிரிட்டனில் 2007-இல் தொடங்கிய ஹெல்ப் ஃபார் ஹீரோஸ், அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய வூண்டட் வாரியர் ப்ராஜெக்ட் போன்றவை பெரியவை. முதல் உலகப் போரில் பார்வை இழந்தவர்களுக்காக 1915-இல் தொடங்கிய ஓர் அமைப்பு, ப்ளைண்ட் வெட்டரன்ஸ் யூகே என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. நீங்கள் இருக்கும் நாட்டிலும் பெரிதோ சிறிதோ ஏதாவது ஒன்று இருக்கும். அவர்களுக்கு எழுதி மூன்று விஷயங்களைக் கேளுங்கள். நாங்கள் தரும் பணம் எந்தத் திட்டத்துக்குப் போகும்? உங்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த எழுத்தில் அனுமதி தருவீர்களா? நன்கொடையாளருக்கு ரசீது யார் தருவார்கள்?

பதில் வந்ததும் உங்கள் நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள். ‘வீரர்களுக்கு உதவுங்கள்’ என்றால் யாருக்கும் எதுவும் கண்ணில் தெரியாது. ‘நான்கு பேருக்குச் சக்கர நாற்காலி’ என்றால் தெரியும்.

படி 2: இரண்டு பைகள், ஒட்டவே கூடாது

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பெட்ரோல், தங்குமிடம், சாப்பாடு, டயர் எல்லாம் உங்கள் செலவு. நன்கொடை வேறு. அதிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல்கூடப் போடக் கூடாது. யாராவது உங்கள் பயணச் செலவுக்கென்றே பணம் தர விரும்பினால் அதைத் தனியாக வாங்கி, தனியாக எழுதி, அப்படித்தான் வாங்கினேன் என்று வெளியே சொல்லிவிடுங்கள்.

முடிந்தவரை நன்கொடை உங்கள் கணக்குக்கே வரக் கூடாது. நிறுவனத்தின் கணக்குக்கு நேராகப் போகும்படி இணைப்போ கியூஆர் குறியீடோ வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் பயணத்தில் நண்பர்கள் என் கணக்குக்கே அனுப்பினார்கள். நான் எதையும் எடுக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து, எது என் பணம், எது அவர்கள் பணம் என்று பிரிக்க மூன்று இரவுகள் ஆயின. அந்த மூன்று இரவும் நெஞ்சு படபடப்பாகவே இருந்தது.

அப்புறம், நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு தருகிறேன் என்று நன்கொடையாளர் வாக்குறுதி தரும் முறை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. ‘இன்னும் 80 கிலோமீட்டர் போனால் இன்னும் கொஞ்சம் பணம்’ என்ற எண்ணம், கண் சொருகும் நேரத்திலும் ஆக்சிலரேட்டரை முறுக்க வைக்கும். அதனால் பயணம் பாதியில் நின்றாலும் முழுத்தொகையும் தருவோம் என்று ஒப்புக்கொள்கிறவர்களிடம் மட்டும் இந்த முறையில் வாங்குங்கள்.

படி 3: தூரத்தைக் கணக்கிடுதல்

24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,600 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ் தரும் ‘அயர்ன் பட்’ என்ற சங்கம் இருக்கிறது. அது பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர்களின் களம், நமக்கு வேண்டாம். புதியவருக்கு நாளுக்கு 300 முதல் 350 கிலோமீட்டர் போதும். மலைப்பாதை என்றால் 200.

மொத்தம் 3,000 கிலோமீட்டர் என்று வைப்போம். நாளுக்கு 350 என்றால் 9 நாள். நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வீதம் இரண்டு நாள். மழைக்கோ பழுதுக்கோ ஒரு நாள். ஆக 12 நாள். அந்த உபரி நாளை வெட்டிவிட்டு 11 நாளில் முடிக்க ஆசை வரும், வெட்டாதீர்கள்.

பெட்ரோல் கணக்கும் இப்படித்தான். டேங்க் 13 லிட்டர், மைலேஜ் 35 என்றால் தாளில் 455 கிலோமீட்டர் வரும். சுமையும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் 380 வந்தாலே பெரிது. 250 தாண்டியதும் அடுத்து வரும் பெட்ரோல் பங்கில் நிரப்பிவிடுங்கள். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள்.

படி 4: பைக்கைத் தயார் செய்தல்

புது பைக் வாங்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பழகிய பைக்தான் நல்ல பைக். கிளம்புவதற்கு முந்தைய நாள் சர்வீஸ் விடாதீர்கள். இரண்டு வாரம் முன்பே விட்டு, அப்புறம் ஒரு 300 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மெக்கானிக் சரியாக முறுக்காத போல்ட் ஏதாவது இருந்தால் அது வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடாக இருக்கும் தேய்மானக் குறியைப் பாருங்கள். ரப்பர் அதன் அருகே வந்துவிட்டால், பயணம் முடியும்வரை தாங்குமா என்று யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சுமையோடு ஓட்டும்போது எவ்வளவு வேண்டும் என்று கையேட்டில் தனியாகப் போட்டிருப்பார்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்து பிரேக் பிடிக்காமல் போகலாம்.

செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போடுங்கள். ஓட்டி முடித்த மாலையில், செயின் சூடாக இருக்கும்போது போட்டால் இரவுக்குள் ஊறிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சின் ஓட, கியரில் வைத்துச் சுற்றி விரலை இழந்தவர்கள் உண்டு.

உதிரிகளில் கிளட்ச் கேபிள், ஃப்யூஸ், பல்பு, பஞ்சர் கிட், சின்ன ஏர் பம்ப் இருந்தால் போதும். பஞ்சர் ஒட்டுவதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பழகுங்கள். கனமான பொருட்களைத் தாழ்வாக, உடம்புக்கு அருகில் கட்டுங்கள். சீட்டின் பின்கோடியில் உயரமாகக் கட்டினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும்.

படி 5: அவர்களைப் பற்றி எப்படிப் பேசுவது

நிதி கேட்கும்போது இரக்கத்தைக் கிளறுவது சுலபம். ஆனால் அந்த வீரரோ அவர் மகளோ அதைப் படித்தால் எப்படி இருக்கும்?

லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்றே, பிரிட்டனின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். சக்கர நாற்காலியில் இருந்த 16 முன்னாள் படைவீரர்கள் அதில் கலந்துகொண்டார்கள். பாராலிம்பிக்ஸ் அங்கிருந்து வளர்ந்ததுதான். தண்டுவடம் அடிபட்டவர்களைப் படுக்கையோடு விட்டுவிடுவதே வழக்கமாக இருந்த காலத்தில் அவர் அவர்கள் கையில் வில்லைக் கொடுத்தார். நிதி கேட்டு எழுத உட்காரும்போதெல்லாம் நான் அந்த 16 பேரை நினைத்துக்கொள்வேன்.

ஒருவரின் படத்தையோ கதையையோ போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். எழுதியதைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

நெருங்கியவர்களிடம் முதலில் கேளுங்கள். பூஜ்யத்தில் நிற்கும் பட்டியலில் முதல் ஆளாகப் பணம் போட யாரும் விரும்புவதில்லை. உங்கள் பங்கை நீங்களே முதலில் போடுங்கள்.

படி 6: சாலையில்

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். களைப்பு தெரிந்த பிறகு நிறுத்துவது தாமதம். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், சூடான காற்று உடம்பின் ஈரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். உள்ளே போடும் பனியனை நனைத்துப் போட்டால் குளிர்ச்சியாக இருக்கும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு நொடி இடைவெளி விடுங்கள், மழையில் நான்கு. இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 95 டெசிபலைத் தொடும். அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் இழப்பீடு பெறும் பாதிப்புகளில் எண்ணிக்கையில் முன்னால் நிற்பது ஓயாத காதிரைச்சல்தான். அந்தக் காயம் வெளியே தெரியாது.

படி 7: வழியில் அவர்களைச் சந்திக்கும்போது

மறுவாழ்வு மையம் ஏதாவது பாதையில் இருந்தால், வரலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சைலன்சரை மாற்றிச் சத்தம் ஏற்றிய பைக்கோடு போகாதீர்கள். வாசலுக்குச் சற்று முன்பே எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போங்கள். திடீரென்று வெடிப்பது போன்ற ஒரு சத்தம் சிலரைப் போர்க்களத்துக்கே திரும்பக் கொண்டுபோய்விடும்.

எப்படி அடிபட்டது என்று கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் கேளுங்கள். பைக்கைப் பற்றிப் பேசுங்கள். ஒரு மையத்தில் என் செயினைப் பார்த்த மாத்திரத்தில் ‘தொய்வாக இருக்கிறதே’ என்றார் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர். ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவரே சரி செய்தார். மீதி வழி முழுக்க அந்தச் செயின் சத்தமே போடவில்லை.

படி 8: திரும்பிய பிறகு

இரண்டு வாரத்துக்குள் கணக்கை வெளியிடுங்கள். வந்த தொகை, நிறுவனம் பெற்றுக்கொண்டதற்கான கடிதம், ஓடோமீட்டரின் தொடக்கப் படமும் கடைசிப் படமும். இலக்கை எட்டவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். நன்கொடை தந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லுங்கள். மிகக் குறைவாகத் தந்தவருக்கு முதலில்.

ஆறு மாதம் கழித்து நிறுவனத்துக்கு மறுபடி எழுதி, அந்த நான்கு நாற்காலிகளும் போய்ச் சேர்ந்தனவா என்று கேளுங்கள். பதில் வந்ததும் அதை எல்லோருக்கும் அனுப்புங்கள்.