முகாம் இளைஞரும் ஊர் இளைஞரும் ஒரே அணியில்: பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. 1983 முதல் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக அங்கு வளரும் இளைஞர்களில் மிகப் பலர் இங்கேயே பிறந்து, அருகிலுள்ள பள்ளிகளில் படிப்பவர்கள். ஆயினும் பள்ளி விட்ட பிறகு முகாமுக்கும் ஊருக்கும் இடையிலான பழக்கம் பல இடங்களில் நின்றுபோகிறது. அந்தப் பழக்கத்தை விளையாட்டின் வழியே வளர்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இந்தக் குறிப்புகள்.

முகாம் அணி ஒருபுறம், ஊர் அணி மறுபுறம் என்று போட்டி வைக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு தொடங்கும் முயற்சிகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. ஏற்கெனவே இருக்கும் பிரிவினைக்குச் சீருடையும் மாட்டி, வெற்றி தோல்வியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், நடுவரின் ஒரு தவறான தீர்ப்பே கைகலப்புக்குப் போதும். ஒவ்வோர் அணியிலும் இரு தரப்பினரும் கலந்திருக்க வேண்டும், அணிகளைப் பயிற்சியாளரே பிரிக்க வேண்டும். தேர்வைப் பிள்ளைகளிடம் விட்டால் தெரிந்த முகங்களே ஒன்றுசேரும். கடைசிவரை யாரும் அழைக்காமல் நிற்கும் பையன் யார் என்பதும் எல்லோர் கண்ணிலும் படும்.

இடமும் நேரமும் அடுத்த கவலை. முகாமுக்குள் வெளியாட்கள் செல்ல அனுமதி தேவைப்படும் என்பதால், முகாம் தலைவரையும் ஊராட்சித் தலைவரையும் கலந்துபேசி, இரு தரப்புக்கும் பொதுவான பள்ளி மைதானத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது. முகாம் இளைஞர்கள் பலர் படிப்பை விட்டுப் பெயின்டிங் வேலைக்குச் செல்பவர்கள். வார நாள் மாலையில் பயிற்சி வைத்தால் அவர்களால் வர இயலாது. வருவாய்த் துறையினர் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளையும் முன்கூட்டியே கேட்டுத் தவிர்த்துவிடுங்கள்.

ஆட்டத்தை நடத்தும் முறைக்குக் கொலம்பியாவில் நல்ல முன்னுதாரணம் உண்டு. 1994 கால்பந்து உலகக் கோப்பையில் சொந்த கோலுக்குள் பந்தைத் தட்டிவிட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், நாடு திரும்பியதும் மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வன்முறையில் சிக்கிய அந்நகர இளைஞர்களுக்காகப் பின்னர் உருவான கால்பந்து முறையில், ஆட்டம் மூன்று பகுதிகளாக நடக்கும், நடுவர் கிடையாது. முதல் பகுதியில் இரு அணிகளும் வட்டமாக அமர்ந்து அன்றைய விதிகளைத் தாங்களே பேசி முடிவு செய்கின்றன. இரண்டாவது, ஆட்டம். மூன்றாவதில் மீண்டும் அமர்ந்து, ஒத்துக்கொண்ட விதிகளை எதிரணி எந்த அளவுக்குக் காப்பாற்றியது என்று பேசி, நேர்மைக்கான புள்ளிகளை வழங்குகின்றன. அந்தப் புள்ளிகளும் கோல் கணக்கோடு சேர்ந்தே வெற்றியைத் தீர்மானிக்கும்.

இந்த மூன்றாம் பகுதியை நேரமில்லை என்று ஒருபோதும் வெட்டிவிடாதீர்கள். "நீ காலைத் தட்டிவிட்டாய், தவறை ஒப்புக்கொண்டு கையைக்கூடத் தூக்கவில்லை" என்று முகாம் பையன் ஊர்ப் பையனின் முகத்துக்கு நேரே சொல்வதும், அவன் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டியிருப்பதும் அந்த வட்டத்தில்தான் நடக்கின்றன. பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால் போதும். தீர்ப்பு சொல்லும் ஆசையை அவர் அடக்கிக்கொள்ள வேண்டும்.

கால்பந்துதான் ஆட வேண்டும் என்பதில்லை. வாலிபாலும் கபடியும் இதே முறைக்கு ஏற்றவை. தங்கள் பெரியவர்கள் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஆடிய கிளித்தட்டு ஆட்டத்தை முகாம் பிள்ளைகள் கற்றுக்கொடுக்கும் நாள் ஒன்றையும் வையுங்கள், ஏனெனில் எப்போதும் கற்றுக்கொள்பவராகவே ஒரு தரப்பு இருந்தால் சமத்துவம் வராது. பெண் பிள்ளைகள் வர வேண்டுமானால் பெண் பயிற்சியாளரும், இருட்டுவதற்குள் வீடு சேரும் ஏற்பாடும், தாய்மாரோடு முன்பே பேசுவதும் கட்டாயம்.

போர் பற்றியோ படகில் வந்தது பற்றியோ பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள், மற்றவர்முன் அதை எடுத்துப் பேசாதீர்கள். புகைப்படம் எடுக்கும் முன் பெற்றோரின் சம்மதம் பெறுங்கள்.

வெளிப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் முன் தகுதி விதிகளை வரி விடாமல் படியுங்கள். குடியுரிமைச் சான்று கேட்கும் போட்டியில் முகாம் வீரர் ஒருவர் மட்டும் கடைசி நேரத்தில் விலக்கப்பட்டால், மாதக்கணக்கில் வளர்ந்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும். அத்தகைய போட்டிக்கு அணியே செல்வதில்லை என்று எல்லோரும் முன்கூட்டியே கூடி முடிவெடுக்கலாம். அந்த முடிவை ஊர் இளைஞர்களே முன்மொழியும்படி பேச்சைத் தொடங்கி வைப்பது உங்கள் பொறுப்பு.