உளு வண்டும் கறையானும்: மரத்தைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ கதவு நிலை பழுதானால், காரணம் எதுவென்று பார்க்காமலே "கறையான் பிடித்துவிட்டது" என்று முடிவுகட்டி மண்ணெண்ணெயைத் தேடுவதுதான் முதல் தவறு. உளு வண்டும் மரத்தைத் தின்கிறது. ஆனால் கறையானுக்குச் செய்யும் வைத்தியம் அதற்குப் பலிக்காது.

நிலத்துக் கறையான் ஈரத்தை நம்பி வாழ்வது. ஆகவே சுவரில் மண்குழாய் கட்டி அதற்குள்ளாக ஏறி, மேற்பரப்பை மெல்லிய தோலாக விட்டுவிட்டு உள்ளே தின்கிறது. உளு பிடித்த பலகையில் மண் இராது. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அகலமான வட்டத் துளைகளும், அவற்றின் கீழே மாப்போன்ற தூளும் இருக்கும். அந்தத் தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவாக வழுக்கினால் உளு. மணலாக நெருடினால், மண்ணோடு தொடர்பின்றி உலர்ந்த மரத்திலேயே குடியிருக்கும் வேறொரு வகைக் கறையானின் எச்சமாக இருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதன் மணிகள் ஆறு பட்டையுடன் தெரியும்.

துளைக்குள் எண்ணெய் விட்டதும் காரியம் முடிந்தது என்று எண்ணுவது அடுத்த தவறு. துளை என்பது வளர்ந்த வண்டு வெளியேறிய வாசல். மரத்தைத் தின்றது அதன் புழு. எஞ்சிய புழுக்கள் வேறிடத்தில் தின்றுகொண்டிருக்கக்கூடும். பழைய தூளைத் துடைத்துவிட்டு, கீழே காகிதம் விரித்து, புதிதாகக் கொட்டுகிறதா என்று சில வாரங்கள் கவனிப்பதே சரி. வர்ணம் பூசினால் வண்டு மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடுவது தடைப்படும். உள்ளிருக்கும் புழு சாகாது.

"தேக்குத்தானே" என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. இவ்வகை உளுவின் உணவு மரத்திலுள்ள மாப்பொருள். அது மரத்தின் நடுவிலுள்ள கடினமான வைரத்தில் இல்லை, வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதியில்தான் உண்டு. தேக்கு ஆனாலும் முதிரை ஆனாலும் அந்தப் பகுதி ஒட்டிய பலகையை வாங்கினால் உளு வர இடமுண்டு. ஓடாவியிடம் அதைச் சீவி நீக்கச் சொல்வது நல்லது. மூங்கிலில் மாப்பொருள் நிறைய இருப்பதால் அது விரைவில் உளுத்துப்போகிறது.

கறையானிடம் செய்யும் பெருந்தவறு, மண்குழாயைத் தட்டிவிட்டு ஓய்ந்திருப்பது. அரசி மண்ணுக்குள் பத்திரமாக இருக்க, வேலைக்காரக் கறையான்கள் குழாயை மீண்டும் கட்டிவிடும். புற்றுக் கட்டும் நம் நாட்டு இனங்கள் பல, தின்ற மரத்தைக் கூட்டுக்குக் கொண்டுபோய் அதில் பூஞ்சை வளர்த்து உண்பவை. ஆகவே மருந்து போகவேண்டிய இடம் அத்திவாரத்தைச் சுற்றிய மண்ணே. சுவரோரம் விறகு அடுக்குவதையும், கிடுகு வேலியைச் சுவருடன் முட்டக் கட்டுவதையும் அதற்கு முன்பே நிறுத்த வேண்டும்.

மாரி மழை தொடங்கும்போது விளக்கைச் சுற்றும் ஈசலை, அதாவது சிறகு முளைத்த கறையானை, கூட்டித் தள்ளுவதில் பிழையில்லை. அவை வெளியிலிருந்து வந்தவையா, சுவர் வெடிப்பிலிருந்தோ நிலையின் அடியிலிருந்தோ கிளம்பியவையா என்று பார்க்காமல் விடுவதுதான் பிழை.