ஏரிக்காற்றும் எங்கள் தக்காளி நாற்றுகளும்

சிகாகோவின் ரோஜர்ஸ் பார்க்கில், மிச்சிகன் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மே நடுவில் உறைபனி பயம் போனதும் ஊரே தக்காளி நடும். எங்கள் பாத்தியில் மட்டும் நாற்று வளராமல் அப்படியே நிற்கும். இலையின் அடிப்புறம் ஊதாவாகிவிடும். உரம் போதவில்லை என்றார்கள். போட்டும் தேறவில்லை.

காரணம் மண்ணின் குளிர்ச்சி. மே மாதத்திலும் ஏரித் தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும். கிழக்கிலிருந்து காற்றடித்தால், உள்ளே தள்ளியிருக்கும் பகுதிகளைவிடக் கரையோரத்தில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ்கூடக் குறையும். மண் குளிர்ந்திருந்தால் பாஸ்பரஸ் இருந்தும் வேரால் சரியாக எடுக்க முடியாது. ஊதா நிறம் அதனால்தான்.

இப்போது மே தொடக்கத்திலேயே பாத்திமீது கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை இறுக்கிப் போர்த்திவிடுகிறேன். காலையில் 10 செ.மீ. ஆழத்தில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பேன். தொடர்ந்து 15 டிகிரிக்கு மேல் காட்டினால்தான் நடவு. சில வருடம் ஜூன் பிறந்துவிடும்; பரவாயில்லை, நாற்று சட்டென்று வேர்பிடித்துக்கொள்கிறது. இலையுதிர் காலத்தில் அதே ஏரி வெதுவெதுப்பாக இருப்பதால் முதல் உறைபனியும் கரையோரத்துக்குத் தாமதமாகத்தான் வருகிறது. அக்டோபரிலும் பழம் பறிக்கிறோம். நடுவதற்கு முன் நாற்றுகளை வெளியே வைத்துப் பழக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏரிக்காற்று இளந்தண்டை முறித்துவிடும்.