விதையும் கட்டிங்கும் கைமாற்றுவது எப்படி? மாடித்தோட்டத்துக்குப் புதியவர்களுக்கு

சிறகு அவரை விதை பத்து கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கே ஊன்றிவிட்டேன். அது தை மாதம். கொடி மளமளவென்று ஏறித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டது, ஆனால் மாதக்கணக்கில் வெறும் இலைதான். பெரும்பாலான சிறகு அவரை ரகங்கள் பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டிருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் காய் பறித்திருக்கலாம். கொடுத்தவருக்கு இது தெரியும், சொல்ல மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் விவரம் எழுதாத பொட்டலத்தை வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

முதலில் உங்களிடம் மிஞ்சுவது என்ன என்று பாருங்கள். அபூர்வமாக எதுவும் இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் வீட்டு அடுக்குச் சங்குப்பூ வேளச்சேரியில் ஒருவர் தேடிக்கொண்டிருப்பதாக இருக்கலாம். மூக்குத்தி அவரை, தம்பட்டை அவரை, வெள்ளைச் சங்கு, ராத்திரியில் மட்டும் பூக்கும் நிஷாகந்தி, இவற்றுக்கெல்லாம் எப்போதும் ஆள் உண்டு. கடை பாக்கெட்டில் எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பினம்) என்று போட்டிருந்த செடியின் விதையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அடுத்த தலைமுறை தாயைப் போல வராது.

சுரை, பீர்க்கு வகைகளிலும் ஒரு சிக்கல். நான்கு வீடு தள்ளி வேறு ரகச் சுரை இருந்தால் தேனீயும் அந்துப்பூச்சியும் இரண்டையும் கலந்துவிடும். சுரைப்பூ சாயங்காலம் மலரும். மலர்வதற்கு முன்பே ஆண் மொட்டு ஒன்றையும் பெண் மொட்டு ஒன்றையும் நூலால் லேசாகக் கட்டிவைத்து, இருட்டியதும் அவிழ்த்து நீங்களே மகரந்தம் தொட்டுவிட்டு, பெண் பூவை மறுபடி கட்டுங்கள். காம்பில் ஒரு கலர் நூல். அந்தக் காயை மட்டும் விதைக்கு விடுங்கள். தக்காளிக்கும் அவரைக்கும் பெரும்பாலும் இவ்வளவு பாடு தேவைப்படாது.

விதையை முற்றவிட்டு எடுத்து நிழலில் காயவையுங்கள். அவரை விதையைப் பல்லால் கடித்தால் தடம் பதியக் கூடாது, அதுதான் பதம். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் காகிதப் பொட்டலம் தாங்காது. இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில், வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கை போட்டு, அதன் மேல் விதைப் பொட்டலங்களை வைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். எடுத்த உடனே திறக்காதீர்கள். பாட்டில் குளிர் விட்ட பிறகு திறந்தால்தான் உள்ளே வியர்க்காது. பலா, நாவல் போன்றவை இந்தக் கணக்கில் வராது, காய்ந்தால் உயிர் போய்விடும். பழம் சாப்பிட்ட கையோடு கொடுத்துவிட வேண்டும்.

கொடுப்பதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பாருங்கள். குறைந்தது ஏழு விதை முளைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். பொட்டலத்தின் மேல் பெயர், நிறம், அறுத்த மாதம், விதைக்க வேண்டிய பட்டம், ராத்திரி ஊறவைக்க வேண்டுமா என்ற விவரம், இவை போதும். பென்சிலால் எழுதுங்கள், ஈரம் பட்டாலும் பேனா மாதிரி கரையாது. செங்காந்தள் என்றால் ‘விஷம்’ என்று பெரிதாக எழுதுங்கள். நம் மாநில மலர்தான், ஆனால் கிழங்கிலிருந்து விதை வரை எல்லாமே நஞ்சு. கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துவிடக் கூடாது.

அடுத்தது கட்டிங், அதாவது நட்டு வளர்ப்பதற்காக வெட்டி எடுக்கும் தண்டுத் துண்டு. (பேருந்தில் நின்றுகொண்டு போனில் “ரெண்டு கட்டிங் எடுத்துட்டு வரேன்” என்று சொல்லாதீர்கள். பக்கத்து சீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.) கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். டிராகன் பழம், நிஷாகந்தி இரண்டையும் வெட்டிய வாய் காயும்வரை நிழலில் சில நாள் போட்டுவைத்து, காய்ந்த செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால் போதும். பிளாஸ்டிக்கில் அடைத்தால் அழுகும். ஹோயா மாதிரிக் கொடிகளுக்கு அடிக்கணுவை மட்டும் ஈரத் தாளால் சுற்றுங்கள். அடீனியத்தைக் குச்சியில் வளர்த்தால் அந்தத் தொப்பை அடித்தண்டு அழகாகத் திரளாது, விதைதான் நல்லது. கொம்பு போன்ற நெற்று வெடித்தால் விதை காற்றில் பறந்துவிடும், முன்கூட்டியே நூலால் கட்டிவையுங்கள்.

கூரியரில் அனுப்புவதானால் திங்கட்கிழமை அனுப்புங்கள், ஞாயிறன்று கிடங்கில் வேகாது. அக்னி நட்சத்திரத்தில் கட்டிங் அனுப்பவே வேண்டாம். நகருக்குள் என்றால் காலையில் நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்சில் நேரில் கொடுத்து வாங்குவதுதான் எனக்குப் பிடிக்கும். இலையைத் திருப்பிப் பார்க்கலாம், இரண்டு கேள்வியும் கேட்கலாம். பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாதவருக்கும் கொடுங்கள், அடுத்த ஆடிக்கு அவர் கொண்டுவருவார்.

வந்த செடியை நேராக மற்ற தொட்டிகளோடு சேர்க்காதீர்கள். என் செம்பருத்தி வரிசை முழுவதும் போனது ஒரே ஒரு இலவசக் குச்சியால்தான். அதன் கணுவில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்த மாவுப்பூச்சியை நான் தூசி என்று நினைத்தேன். இப்போது புதிதாக எது வந்தாலும் மூன்று வாரம் மாடிப்படித் திருப்பத்தில் தனியாகத்தான் இருக்கும். மாவுப்பூச்சி தெரிந்தால், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுப்பேன்.

வெளிநாட்டுச் செடிகளுக்கு இந்த மூன்று வாரமும் போதாது. 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ பக்கத்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் சூறையாடியது. 2010இல் அதன் ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதையோ குச்சியோ கொண்டுவரக் கூடாது என்று சட்டம் சொல்வது இது போன்ற ஆபத்துகளால்தான். போன முறை சித்தி மகன் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது, “அக்கா, ஒரு ஹோயா துண்டைச் சட்டைக்குள்ள சுத்தி எடுத்துட்டு வரட்டுமா?” என்று கேட்டான். சாக்லேட்டே போதும் என்று சொல்லிவிட்டேன்.