ஈஸ்டர் தீவு பத்தி எழுதுறவங்க, வீடியோ போடுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாறு பேசுற யூடியூப் சேனல்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுறது, புதுசா வர்றவங்க எழுதினத திருத்திக் கொடுக்குறது, இதான் ரொம்ப நாளா என் வேலை. பசிபிக் கடல் நடுவுல பெரிய பெரிய கல் சிலைக்குப் பேர் போன ஈஸ்டர் தீவு, அங்க இருக்கறவங்க சொல்ற பேர்ல ராப்பா நூயி, இந்த டாபிக் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும். வர்ற ஸ்கிரிப்ட் எல்லாத்துலயும் நான் ஆரம்ப காலத்துல நம்பி எழுதின அதே கதைங்க வரிசை மாறாம இருக்கு, படிக்கறப்பவே மனசு பதறுது, அதனாலதான் உக்காந்து இதை எழுதுறேன். சிலையோட எடை, உயரம், வருஷம் இதுல வர்ற சறுக்கல் எல்லாம் விட்டுடறேன், ஒரு தடவை செக் பண்ணா சரியாயிடும்.

"மரத்தை எல்லாம் வெட்டி தங்களையே அழிச்சுக்கிட்டாங்க"

இத்தனை வருஷம் ஆகியும் என்னால சகிச்சுக்க முடியாத தப்பு இதுதான்.

கதை உங்களுக்கே மனப்பாடமா தெரியும். நடுக்கடல்ல ஒரு சின்ன தீவு, நெறைய மரம், ஜனங்களுக்கு சிலை வைக்கிற வெறி, சிலையை உருட்டிட்டுப் போக மரத்தை வெட்டுறாங்க, கடைசி மரத்தையும் வெட்டுறாங்க, அப்புறம் பஞ்சம், சண்டை, ஒருத்தரை ஒருத்தர் தின்னு அழிஞ்சே போயிட்டாங்க, "நாளைக்கு நம்ம பூமிக்கும் இதே கதிதான்"னு பின்னாடி சோகமா ஒரு மியூசிக். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் வந்தா ஸ்கூல் பேச்சுப்போட்டில கூட இதைத்தான் ஒப்பிக்கிறாங்க. 2005ல வந்த ஒரு பிரபலமான இங்கிலீஷ் புத்தகம் இதை உலகம் பூரா கொண்டு சேர்த்துச்சு, தமிழ்ல எழுதுறவங்க பாதிப்பேர் அதுல இருந்து எடுத்தவங்ககிட்ட இருந்து எடுத்தவங்க.

இது ஏன் இவ்ளோ காஸ்ட்லின்னா, மத்த தப்பு எல்லாம் ஒரு வரி, ஒரு வரியை மாத்தி ரெக்கார்ட் பண்ணா முடிஞ்சுது. இது அப்படி இல்ல, மொத்த ஸ்கிரிப்ட்டும் இதுமேலதான் நிக்கும். ஒரு தம்பி மூணு பாகமா எழுதி, வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணி, அனிமேஷனுக்கு காசும் கொடுத்து முடிச்சுட்டு, "அண்ணே சும்மா ஒருவாட்டி பாத்துக் குடுங்க"ன்னு அனுப்பினான். முதல் பாகம் மரம், ரெண்டாவது பஞ்சம், மூணாவது அழிவு. இதுல எந்த வரியைத் திருத்துறது சொல்லுங்க? நான் விஷயத்தை சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் "அப்போ அந்த ஜனங்க எப்படிண்ணே செத்தாங்க?"ன்னு கேட்டான். அதான் சரியான கேள்வி, அந்தக் கேள்வில ஆரம்பிச்சிருந்தா அவன் காசு மிஞ்சியிருக்கும்.

மரம் போனது நிஜம், அதை மறைக்காதீங்க. கிபி 1200 வாக்குல பாலினீசியர்கள், அதாவது பசிபிக் தீவுகள்ல வாழ்ந்த கடலோடி ஜனங்க, வந்து இறங்குனப்போ தீவு பூரா பெரிய பெரிய பனை வகை மரம் இருந்துச்சு, ஐரோப்பியர்கள் வர்றதுக்குள்ள அது அநேகமா இல்லாமப் போச்சு. பயிர் வைக்க எரிச்சாங்க, வெட்டினாங்க, கூடவே படகுல வந்த எலி பனங்கொட்டையை எல்லாம் கடிச்சுத் தின்னுடுச்சு, எலிப்பல் தடம் இருக்கற கொட்டைங்க மண்ணுல இருந்து கிடைச்சிருக்கு. ஆனா மரம் போனதுனால ஜனம் அழிஞ்சுதுங்கறதுக்குத்தான் ஆதாரம் இல்ல.

2024ல ஒரு டிஎன்ஏ ஆய்வு வந்துச்சு. பாரிஸ் மியூசியத்துல இருக்கற 15 ராப்பா நூயி ஆட்களோட எலும்பு, பல்லுல இருந்து எடுத்தது. 1600கள்ல ஜனத்தொகை சரிஞ்சு விழுந்திருந்தா அது மரபணுல தடம் விட்டிருக்கணும், அப்படி ஒண்ணும் இல்ல, 1860கள் வரைக்கும் மெதுமெதுவா கூடிக்கிட்டேதான் போயிருக்கு. சண்டைக்கு சாட்சியா காட்டுவாங்களே, அப்சிடியன்னு சொல்ற எரிமலைக் கண்ணாடிக் கல்லுல செஞ்ச 'மாத்தாஆ', தீவு பூரா ஆயிரக்கணக்குல கிடக்குதுன்னு, அதுல 400க்கு மேல எடுத்து வடிவத்தை அளந்து பாத்து 2016ல எழுதினாங்க, குத்திக் கொல்றதுக்கு ஏத்த வடிவமே இல்ல, கிழங்கு வேலை, செடி வேலை, சீவுறது செதுக்குறதுன்னு பல வேலைக்கு வெச்சிருந்த கருவின்னு.

அப்போ எப்படி செத்தாங்க? 1862, 63ல பெரு நாட்டுல இருந்து அடிமை பிடிக்கிற கப்பல் வந்துச்சு, சுமார் 1500 பேரைப் பிடிச்சுட்டுப் போனாங்க. அதுல தலைவர் குடும்பம், மரப்பலகைல இருந்த ரோங்கோரோங்கோ எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் அடக்கம். போன இடத்துல பெரும்பாலானவங்க செத்துட்டாங்க. உலகம் பூரா எதிர்ப்பு வந்து திருப்பி அனுப்புனப்போ கப்பல்லயே பெரியம்மை, உயிரோட கரை இறங்குனது ஒரு பதினஞ்சு பேர், அவங்களோட சேர்ந்து நோயும் இறங்குச்சு. அதுக்கப்புறம் காசநோய், அதுக்கப்புறம் ஆட்டுப்பண்ணை போட வந்த ஒரு பிரெஞ்சுக்காரனோட அட்டூழியம், பாதி ஜனம் தாஹிட்டி, மங்கரேவான்னு வேற தீவுங்களுக்குக் கிளம்பிப் போயிட்டாங்க. 1877ல எண்ணிப் பாத்தா தீவுல 111 பேர்.

111 பேர், தம்பிங்களா. இது நடந்தது இப்போ இருக்கற ராப்பா நூயிக்காரங்களோட பாட்டன் பூட்டன் காலத்துல. பாதிக்கப்பட்டவங்க மேலயே பழியைத் தூக்கிப் போட்டுட்டு, செஞ்சவங்களோட பேரு கூட வராத கதையைத்தான் நாம நீதிக்கதையா குழந்தைங்களுக்கு சொல்லிட்டு இருக்கோம். எனக்கு இதுல கோபம் வராம எப்படி இருக்கும்.

1888ல சிலி நாடு இந்தத் தீவை தன்னோட சேர்த்துக்கிச்சு, அப்புறம் பெரும்பகுதி ஆட்டுப்பண்ணைக் கம்பெனி கைக்குப் போச்சு, ஜனங்களை ஹங்கா ரோவாங்கற ஒரே ஊருக்குள்ள சுவர் கட்டி அடைச்சாங்க, கம்பெனி 1953 வரைக்கும் இருந்துச்சு, குடியுரிமை கிடைச்சது 1966ல. இது எத்தனை தமிழ் வீடியோல வந்திருக்குன்னு தேடிப் பாருங்க.

தோட்டத்தை விட்டுட்டு சிலையை மட்டும் எழுதுறது

சிலை செதுக்குனவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு யாரும் கேக்கறதே இல்ல. 160 சதுர கிலோமீட்டர் சொச்சம் இருக்கற தீவு, ஆறு கிடையாது, உப்புக் காத்து எப்பவும் அடிச்சுக்கிட்டே இருக்கும், மண்ணுல சத்தும் கம்மி. அவங்க என்ன பண்ணாங்கன்னா தோட்டத்துல கல்லைப் பரப்புனாங்க. வேணும்னே, உடைச்ச எரிமலைக் கல்லை மண்ணு மேலயும் மண்ணுக்குள்ளயும் போட்டு நடுவுல சர்க்கரைவள்ளி நட்டாங்க. கல்லு ஈரத்தைக் காயவிடாது, காத்து மண்ணைத் தூக்கிட்டுப் போகாது, ராத்திரி குளிரும் பகல் வெயிலும் வேரைத் தாக்காது, கல்லு தேயத்தேய கொஞ்சம் கொஞ்சமா சத்தும் மண்ணுல இறங்கும். இன்னொண்ணு 'மனவாய்', கல்லை வட்டமா சுவர் மாதிரி அடுக்கி உள்ள வாழை, சேம்பு, துணி செய்யற காகித மல்பெரி எல்லாம் வெச்சது. மரம் போனதுக்கப்புறமும் இந்த மண்ணுல சோறு எடுத்தவங்களை முட்டாள்னு எழுதுறோமே, அதுதான் ஆறவே மாட்டேங்குது.

2024ல இன்னொரு ஆய்வு, சாட்டிலைட் படத்தை வெச்சு இந்தக் கல்தோட்டம் மொத்தம் எவ்வளவுன்னு கணக்குப் பாத்தாங்க, 0.76 சதுர கிலோமீட்டர்தான், முன்னாடி வந்த ஆய்வுங்க சொன்னதை விட ரொம்பக் கம்மி. அதுவும் மீனும் சேர்த்தா ஒரு மூவாயிரம், நாலாயிரம் பேர் வாழ்ந்திருக்கலாம். அப்போ பதினஞ்சாயிரம், இருபதாயிரம் பேர் இருந்து அழிஞ்சாங்கங்கற கதைக்கு அந்த இருபதாயிரம் எங்கேருந்து வரும்?

சிலை வேற தோட்டம் வேறன்னும் பிரிக்காதீங்க. மோஆய் சிலைங்களை வெட்டியெடுத்த ரானோ ராராக்கு மலைல தோண்டி, மண்ணை டெஸ்ட் பண்ணி 2019ல சொன்னாங்க, தீவுலயே வளமான மண்ணு அங்கதான், வாழை, சேம்பு, சர்க்கரைவள்ளி எல்லாம் வெச்ச தடயம் இருக்குன்னு. கல்லு செதுக்க செதுக்க விழுந்த தூளும் அந்த மலைத் தண்ணியும்தான் மண்ணுக்கு உரம். அங்கயே நிக்கிற சில சிலைங்க விளைச்சலுக்காக வெச்சதா இருக்கலாம்னு ஆய்வு பண்ணவங்க சொல்றாங்க. பாதில விட்டுட்டு ஓடிப்போன பட்டறைன்னு இனிமே எழுதாதீங்க.

ஏலியன்

ஏலியன் வந்துதான் சிலையை நகர்த்துச்சுன்னு எழுத வேண்டாம். 2012ல 18 பேர் மூணு கயிறு கட்டி நாலு டன்னுக்கு மேல இருக்கற மாதிரிச் சிலையை நிக்க வெச்சே ஆட்டி ஆட்டி நடக்க விட்டு காட்டிட்டாங்க.

குமரிக்கண்டத்தோட முடிச்சுப் போடுறது

இது நம்ம ஊர் ஸ்பெஷல், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். "சிந்துவெளி எழுத்தும் ஈஸ்டர் தீவு எழுத்தும் ஒண்ணு, அப்போ அவங்களும் குமரிக்கண்டத்துல இருந்து போன நம்மாளுங்கதான்"னு வர்ற வீடியோக்கு வியூஸ் பிச்சுக்கிட்டு போகும். இது தமிழ்நாட்டுல பிறந்த கதையே இல்ல, ஹெவெஷின்னு ஒரு ஹங்கேரிக்காரர் 1932ல பாரிஸ்ல கிளப்பினது. ரெண்டு எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒத்துப்போற மாதிரி இருக்கறதை மட்டும் பொறுக்கி எடுத்தா எதையும் எதோடயும் சேர்க்கலாம். சிந்துவெளி எழுத்து கிமு 1900 வாக்குல நின்னுபோச்சு, ராப்பா நூயில ஆளே அதுக்கு 3000 வருஷம் கழிச்சுத்தான் வந்தாங்க. ரோங்கோரோங்கோ இருக்கற பொருள் உலகத்துல மொத்தமே ரெண்டு டஜன் சொச்சம்தான் மிஞ்சியிருக்கு, ஒண்ணு கூட தீவுல இல்ல, இன்னும் யாரும் படிக்கவும் இல்ல. ரோம்ல இருக்கற ஒரு பலகையோட மரம் 1490கள், 1500 வாக்குல வெட்டினதுன்னு 2024ல கார்பன் டேட்டிங் வந்துச்சு, அதாவது ஐரோப்பியர்கள் வர்றதுக்கு 200 வருஷம் முன்னாடி. மரம் பழசுன்னா எழுத்தும் அப்பவே எழுதினதுன்னு அர்த்தம் இல்ல, ஆனா யாரையும் பாத்து காப்பி அடிக்காம தாங்களே ஒரு எழுத்தைக் கண்டுபிடிச்ச ஜனமா இருக்கலாம்ங்கற பேச்சுக்கு இது பலம். அவ்ளோ பெரிய பெருமையை அவங்ககிட்ட இருந்து பிடுங்கி நாம போட்டுக்கறது நியாயமே இல்ல.

தென் அமெரிக்காவுல இருந்து வந்தவங்கன்னு எழுதுறதும் இதே வகைதான். வந்தது மேற்குல இருந்து, பாலினீசியர்கள். தென் அமெரிக்கத் தொடர்பு இருந்துச்சு, சர்க்கரைவள்ளியே அங்கேருந்து வந்த பயிர்தான், மேல சொன்ன டிஎன்ஏ ஆய்வும் 1250ல இருந்து 1430க்குள்ள ரெண்டு ஜனமும் கலந்திருக்குன்னு சொல்லுது. உலகத்துலயே பெரிய கடலைத் தாண்டினவங்க இன்னும் 3500 கிலோமீட்டர் தாண்ட மாட்டாங்களா?

வெறும் தலை

மோஆய்னா வெறும் தலைதான்னு எழுதாதீங்க. ரானோ ராராக்கு சரிவுல தலை மட்டும் தெரியற சிலைங்களுக்கும் உடம்பு மண்ணுக்குள்ள இருக்கு.

சிலையோட கலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறது

ஸ்கிரிப்ட் எல்லாம் கடைசி சிலையோட நின்னுடுது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல ஹோவா ஹக்கனனையான்னு ஒரு மோஆய் இருக்கு, 1868ல பிரிட்டிஷ் போர்க்கப்பல் டோபாஸ்ல தூக்கிட்டுப் போனது. அதோட முன்பக்கத்தை மட்டும்தான் நம்மாளுங்க தம்ப்நெயில்ல போடுறாங்க, முதுகுல தான் விஷயமே இருக்கு. முதுகு பூரா பறவைத்தலை மனுஷங்க, துடுப்பு எல்லாம் பின்னாடி வந்தவங்க செதுக்கியிருக்காங்க. மூதாதையரைக் கும்பிட்ட சிலைலயே, பிற்பாடு வந்த பறவை மனிதன் வழிபாட்டையும் எழுதி வெச்சிருக்காங்க. ஓரோங்கோ மலைல இருந்து இறங்கி, கடல்ல நீந்தி, மோட்டு நூயிங்கற குட்டித் தீவுல ஆலாங்கற கடல் பறவையோட முதல் முட்டையைக் கொண்டு வர்றவன் யாருக்காகக் கொண்டு வந்தானோ அவர்தான் அந்த வருஷத்து பறவை மனிதன். நம்பிக்கை மாறுது, கலை அதுக்கேத்த மாதிரி தொடருது, அழிவுக் கதைல இதுக்கு இடமே இல்ல. அந்தச் சிலையைத் திருப்பிக் கேட்டு 2018ல தீவுல இருந்து ஒரு குழு லண்டனுக்கே போச்சு.

மரச்சிற்பமும் இருக்கு, விலா எலும்பு தெரியற மோஆய் கவகவா, அதை டோரோமிரோங்கற சின்ன மரத்துல செதுக்குவாங்க. ஐரோப்பாவுல கனவுல வர்ற மாதிரி படம் வரையற சர்ரியலிஸ்ட் ஓவியர்கள் இந்த மாதிரி சிற்பத்தைப் பாத்து மயங்கிப் போனாங்க, 1929ல அவங்க பேர்ல வந்த ஒரு உலக வரைபடத்துல ஈஸ்டர் தீவு பூதாகாரமா இருக்கும், அமெரிக்காவோட மெயின்லேண்டே காணாமப் போயிருக்கும். அந்த டோரோமிரோ மரம் ஆடு மாடு மேய்ஞ்சு, 1960 வாக்குல தீவுல இயற்கையா இருந்த கடைசி மரமும் போயிடுச்சு. அதுக்கு முன்னாடி எடுத்துட்டுப் போன விதையை ஸ்வீடன்ல கோதன்பர்க் தாவரவியல் பூங்காவுல முளைக்க வெச்சதாலதான் இனமே மிஞ்சுச்சு, தீவுல திரும்ப நட்டு நட்டுப் பாக்குறாங்க, அது லேசுல வேர் பிடிக்க மாட்டேங்குது.

இப்போ இருக்கறவங்களையும் காட்டுங்க. பிப்ரவரில தபாதி திருவிழா, உடம்பு பூரா மண் வண்ணம் பூசிக்கிட்டு கதை சொல்வாங்க, வாழைத்தண்டு ரெண்டைக் கட்டி அதுமேல படுத்து செங்குத்தான மலைச்சரிவுல சறுக்குவாங்க. கையில நூலைக் கோர்த்து உருவம் போட்டு பாட்டு பாடுற 'கை கை' இன்னும் உயிரோட இருக்கு. மஹானி தேயாவேன்னு பியானோ கலைஞர், அந்தத் தீவுக்காரங்க, உலக மேடை எல்லாம் போயிட்டு ஊருக்கே திரும்பி டோக்கின்னு ஒரு இசைப்பள்ளி வெச்சிருக்காங்க, கட்டடமே பழைய டயர், பாட்டில், கேன் வெச்சுக் கட்டினது, பக்கத்துலயே விவசாயத் தோட்டமும் போட்டிருக்காங்க. மூணு நிமிஷம் இதுக்கு ஒதுக்க முடியாதா?

தம்ப்நெயில்ல அந்த இமோஜி

போன்ல இருக்கற அந்தக் கல்முக இமோஜி டோக்கியோ ஷிபுயா ஸ்டேஷன்ல இருக்கற மோயாய் சிலையை வெச்சு வந்தது, ஜப்பான்லயே இருக்கற நீஜிமா தீவுக்காரங்க கொடுத்தது. ராப்பா நூயி வீடியோல ராப்பா நூயி படத்தைப் போடுங்க.

நேர்ல போய் எடுக்கறவங்களுக்கு

பூங்கா இடங்களுக்கு உள்ளூர் கைடு கூட்டிட்டுத்தான் போகணும், ஃபிரேம்ல நல்லா வரும்னு சிலை நிக்கிற மேடைல ஏறக்கூடாது, அதுவும் கல்லறைதான். சிலையைத் தொடாதீங்க. 2008ல ஒரு டூரிஸ்ட் காதை உடைச்சு எடுத்து பெரிய ஃபைன் கட்டினாரு.