நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறீர்களா? மூக்குக்கும் கொஞ்சம் ஆயத்தம் வேண்டும்

இங்கிலாந்தில் மே நடுப்பகுதியில் தொடங்கி யூலை வரை புல் மகரந்தம் பறக்கும். ஹே பீவர் என்ற மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்துக்கு விமானம் ஏறினால் அதிலிருந்து தப்பிவிடலாம். ஆனால் ஒரு பொருளை எதிரியென்று பிழையாக எண்ணி தும்மலையும் அரிப்பையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டும் உடம்பு, ஊரில் வேறு பொருட்களையும் அப்படி எண்ணக்கூடும்.

என் மகளுக்கு அதுதான் நடந்தது. இரண்டு வருடம் பூட்டிக்கிடந்த அம்மம்மா வீட்டில் முதல் இரவு. விடியும்போது கண் வீங்கி, தும்மல் நிற்கவேயில்லை. "தண்ணி மாறினதால தடிமன் பிடிச்சிட்டுது பிள்ளை" என்றார் பெரியம்மா. மூன்றாம் நாள் அவளைப் பாயில் புதுத் தலையணையோடு படுக்கவைத்த பிறகுதான், அலுமாரியில் இருந்து எடுத்த பழைய இலவம்பஞ்சுத் தலையணைதான் காரணம் என்று புரிந்தது. கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் மனிதத் தோலின் செதில்களைத் தின்று, ஈரப்பதமான படுக்கையில் பெருகும். அவற்றின் எச்சம்தான் மூக்கை அரிக்கவைக்கிறது.

ஆகவே, போவதற்கு ஒரு கிழமை முன்பே ஊரில் உள்ளவர்களிடம் சொல்லிவையுங்கள்: கதவு யன்னலைத் திறந்து, ஈரத்துணியால் துடைத்து, மெத்தையை முற்றத்தில் வெயிலில் போட்டுத் தட்டட்டும். விரிப்பையும் உறையையும் நல்ல சுடுநீரில் தோய்க்கட்டும். தலையணை உறைகளை நீங்களே கொண்டுபோவது இன்னும் நல்லது.

வெளியே சோளகக் காற்று. வலிகாமத்துச் செம்மண்ணை அது அள்ளிக்கொண்டு வரும். நல்லூரில் மணல், கற்பூரம், சாம்பிராணிப் புகை எல்லாம் சேரும். தேரன்று சனநெரிசலுக்குள் நிற்கும் தொய்வுக்காரர் (ஆஸ்துமா உள்ளவர்கள்) முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் பிழையாக நினைக்கமாட்டார்கள். காலையில் வளவு கூட்டிக் குப்பை கொளுத்தும்போது, "சித்தப்பா, பிள்ளைக்கு இந்தப் புகை ஒத்துக்கொள்ளாது" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

ரொறன்ரோக்காரர்கள் பார்த்தீனியம் என்ற களைச்செடியைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கரட் இலை போன்ற இலை, குட்டி வெள்ளைப் பூ. வீதியோரத்திலும் பாழ்வளவிலும் தோட்டத்திலும் நிற்கும். 1980களின் கடைசியில் இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வந்தது என்பார்கள். உங்கள் ஊரில் ஓகஸ்ட், செப்டெம்பரில் படுத்தும் ரேக்வீட் களைக்கு இது நெருங்கிய உறவு. ஒன்றின் மகரந்தத்துக்குப் பழகிய ஒவ்வாமை மற்றதற்கும் எழலாம். வெறுங்கையால் பிடுங்காதீர்கள், தோலும் தடித்து அரிக்கும்.

மருந்தைப் பற்றி. ஸ்டீரொயிட் மூக்குத் தெளிப்பான் முழுப்பலன் தர நாள் எடுக்கும். வைத்தியர் ஏற்கெனவே தந்திருந்தால் பயணத்துக்கு இரண்டு கிழமை முன்பே தொடங்குங்கள். தெளிக்கும்போது மூக்கின் நடுச்சுவரை நோக்காமல் காதுப்பக்கம் சரித்துப் பிடியுங்கள். ஊர் மருந்துக்கடையில் பிரிற்றன் என்ற ஒவ்வாமை மாத்திரையை எளிதாகத் தருவார்கள், ஆனால் நித்திரை தூக்கும். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிள் ஓடவே கூடாது. செற்றிரிசினும் லோரற்றடினும் அந்தளவு தூங்கவைக்காது. தொய்வுக்கான இன்ஹேலர்கள், இழுப்பு வரும்போது எடுக்கும் நீலமும் தினசரி எடுப்பதும், கைப்பையில் இருக்கட்டும். பெட்டி தொலைந்தாலும் இவை தொலையக் கூடாது. மருந்துச்சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறவர்கள் கிணற்றுத் தண்ணீரை நேரே பாவிக்க வேண்டாம், கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பாவியுங்கள்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். பெயரில் பீவர் இருந்தாலும் ஒவ்வாமையில் காய்ச்சல் வராது. தெளிந்த நீராய் மூக்கு ஓடுவது, கண்ணும் அண்ணமும் அரிப்பது, அடுக்குத் தும்மல், இவைதான் அதன் அடையாளம். காய்ச்சலும் உடம்பு உளைவும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் டெங்குவை நினையுங்கள். இபுபுரோபன், அஸ்பிரின் எடுக்காமல் வைத்தியரிடம் போய் இரத்தம் சோதியுங்கள். இழுப்பு நீல இன்ஹேலருக்கும் அடங்காவிட்டால் 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

25 நாள் திருவிழா முடிந்து ரொறன்ரோ திரும்புகிறவர்கள் தெளிப்பானை உள்ளே வைத்துவிட வேண்டாம். முதல் உறைபனி விழும்வரை அங்கே ரேக்வீட் காலம்தான்.