யூட்டா செம்பாறை நிலத்தில் ஒரு வாரம்: முதன்முறையாக மண்பாதையில் ஜீப் ஓட்டப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள செம்பாறைப் பகுதியில், தார்ச்சாலையிலிருந்து கண்ணில் படுவது கொஞ்சம்தான். கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் 'ஒயிட் ரிம்' என்று ஒரு மண்பாதை ஓடுகிறது. நீளம் சுமார் 160 கிலோமீட்டர். 1950களில் யுரேனியம் தேடுவதற்காக அணுசக்தி ஆணையத்தின் முயற்சியில் போடப்பட்டது. யுரேனியம் அதிகம் கிடைக்கவில்லை, பாதை மட்டும் மிஞ்சியது. சிலர் இதை ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடுகிறார்கள். அது பாதையை மிதித்துவிட்டு வருவதுதான், பார்த்துவிட்டு வருவதல்ல. ஒரு வாரம் ஒதுக்குங்கள்: ஊரில் பழகிக்கொள்ள இரண்டு நாள், பாதையில் மூன்று நாள், மழைக்கும் ஓய்வுக்கும் மீதி.

முதலில் அனுமதியும் வண்டியும்

இரவு தங்குவதற்கு மட்டுமல்ல, பகலில் ஓட்டிவிட்டுத் திரும்புவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். வசந்த காலத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் முகாம் இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஆகவே அனுமதி கிடைத்த தேதியை வைத்து விமான டிக்கெட் எடுங்கள், முன்பே எடுத்துவிடாதீர்கள்.

விமான நிலையத்தில் கிடைக்கும் சாதாரண வாடகை வண்டிகளின் ஒப்பந்தம் பொதுவாக மண்பாதையை அனுமதிக்காது. மோவாப்பிலேயே இதற்கென்று ஜீப் வாடகைக்கு விடுகிறார்கள், அங்கே எடுங்கள். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நல்ல இடைவெளியும், 'லோ ரேஞ்ச்' (மிக மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டுவதற்கான கியர் நிலை) உள்ள நான்கு சக்கர இயக்கமும் கட்டாயம். கூரை விளக்குகளும் முன்பக்க இரும்புச் சட்டங்களும் அழகுக்குத்தான். அந்தப் பணத்தில் நல்ல டயர் போட்ட வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

டயரில் காற்றைக் குறைப்பது

இந்தப் படியில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். தார்ச்சாலையில் 36 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அளவில் இருக்கும் டயரை அப்படியே பாறைப் பாதையில் ஓட்டினால், ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டுக்கு நேராக வந்து சேரும். மண்பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் 20 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். மணல் ஆழமாக இருந்தால் 15. அதற்கும் கீழே போனால், திருப்பத்தில் டயர் விளிம்பு சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் கூடிக்கொண்டே போகும்.

காற்று குறையும்போது டயர் தரையில் படும் பரப்பு நீளவாக்கில் கூடுகிறது. கூரிய கல்லின் மீது ரப்பர் குத்துப்படாமல் அதைச் சுற்றி வளைந்து கொள்கிறது. குனிந்து பாருங்கள்: தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே டயரின் பக்கச்சுவர் லேசாகப் பிதுங்கியிருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். ஆனால் அந்தப் பிதுக்கம்தான் இனி மிக மெல்லிய இடமும்கூட. கல்லை உரசிக்கொண்டு ஒதுங்கிப் போகாதீர்கள். மெதுவாக அதன் உச்சியில் டயரை ஏற்றி இறக்குங்கள். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

காற்றை விடியற்காலையில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்தில் நண்பகலுக்குள் 2, 3 பிஎஸ்ஐ தானாக ஏறிவிடும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி இறக்க வேண்டாம்.

திரும்ப அடிப்பதற்கு ஏர் கம்ப்ரசர் வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய டயருக்கு அது திணறும், பியூஸும் போகலாம். பாட்டரியில் நேரடியாகக் கவ்வும் வகையே நம்பகமானது.

ஷேஃபர் இறக்கம்

ஒயிட் ரிம்மைக் கிழக்கில் ஷேஃபர் பாதையிலிருந்து தொடங்குவதே என் விருப்பம். செங்குத்தான சுவரில் கொண்டை ஊசி வளைவுகளாகச் சுமார் 1,500 அடி இறங்குகிறது. ஒரு காலத்தில் மாடுகளை ஓட்டிச் சென்ற தடம் இது. உச்சியிலேயே லோ ரேஞ்சுக்கு மாற்றி, முதல் அல்லது இரண்டாம் கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விடுங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் பாதி வழியில் சூடேறி வாடை வரும். எதிரே ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை.

பாதையில் மூன்று நாள்

முதல் இரவு 'ஏர்போர்ட்' அல்லது 'கூஸ்பெரி' என்ற முகாம், இரண்டாவது இரவு மர்ஃபி. மர்ஃபி ஹாக்பேக் ஏற்றம் செங்குத்தானது. ஒருவர் இறங்கி நின்று டயரின் போக்கைக் கைகாட்டிச் சொல்லட்டும். மேலே போய்விட்டால் இருபுறமும் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும், இந்த வாரம் முழுவதற்கும் அந்த ஒரு மாலை போதும்.

பாதை நெடுகக் குடிநீர் கிடையாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள். விறகுத் தீ மூட்டக்கூடாது, கேஸ் அடுப்புதான். முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். செல்போன் சிக்னலை நம்ப முடியாது, தாள் வரைபடமும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியும் இருக்கட்டும். உள்ளே வண்டி நின்றுவிட்டால் இழுத்து வர ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்.

பாதையை விட்டு ஒரு சக்கரம்கூட விலகக்கூடாது. ஓரத்தில் கறுத்து, முடிச்சு முடிச்சாகத் தெரியும் மண் வெறும் மண் அல்ல, உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசிகளும் பின்னி மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒருமுறை நசுங்கினால் மீளப் பல்லாண்டுகள் ஆகும். படம் எடுக்க ஒதுங்குவதாக இருந்தால் ஏற்கெனவே வண்டிகள் நின்று தேய்ந்த இடம் வரும்வரை பொறுங்கள்.

பின்குறிப்பு: கருத்துப் பகுதியில் வந்த கேள்விகள்

லோ ரேஞ்ச் லீவர் அசையவே மாட்டேன் என்கிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். ஜீப் ரேங்லரில், முழுவதும் நிறுத்திவிட்டு மாற்றினால் பற்கள் பொருந்தாமல் அடம்பிடிக்கும். நியூட்ரலில் போட்டு, நடை வேகத்துக்கும் குறைவாக வண்டி உருளும்போது லீவரைத் தயங்காமல் ஒரே இழுப்பில் மாற்றுங்கள்.

காற்றைக் குறைத்ததும் டயர் காற்றழுத்தத்துக்கான மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? எரியத்தான் செய்யும். ஆனால் உண்மையில் டயர் பஞ்சரானாலும் அதே விளக்குதான் என்பதால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையால் அளந்து பாருங்கள்.

மே, ஜூனில் போகிறவர்களுக்கு: பனி உருகும் காலத்தில் கிரீன் ஆறு பெருகி மேற்குப் பகுதிப் பாதையை மூழ்கடித்துவிடலாம். கோடை மழையும் சாதாரணமானதல்ல. 2010 ஆகஸ்டில் வந்த திடீர் வெள்ளம், மேற்கு முனையில் மேலே ஏறி வெளியேறும் மினரல் பாட்டம் வளைவுகளையே அரித்துச் சென்றது. கிளம்பும் காலையில் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். வந்த வழியே திரும்ப நேர்ந்தாலும் போதும் அளவுக்கு மோவாப்பிலேயே பெட்ரோல் நிரப்பி, கூடுதல் கேன் ஒன்றையும் கட்டிக்கொள்ளுங்கள்.